காற்று திருப்பிய அம்பு

கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு விசில் ஊதி ஊதியே என் கன்னம் இரண்டும் தொங்கிப்போய்விட்டன என்று என் மனைவி சொல்வாள். எங்கள் கல்யாணப் புகைப்படத்திலேயே அவை அப்படித்தான் இருக்கின்றன. ஆனாலும் பழியைத் தொழில் மேல் போடுவது வசதியாக இருப்பதால் நான் மறுப்பதில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் இளம் நடுவர்கள் தங்கள் முகாம்களுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். பாவம், அவர்கள் காலம் கஷ்டமானது. விசிலை வாயிலிருந்து எடுப்பதற்குள் அந்தக் காட்சி நாலு பேர் செல்போனில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. "உங்க காலத்துல தகராறு வந்தா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்பார்கள். "ஓடுவோம்" என்பேன். சிரித்து முடித்ததும் தேவகியின் கதையைச் சொல்வேன். கதையில் ஒரு கட்டத்தில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். முன்வரிசைப் பெண்களும் துடைத்துக்கொள்வார்கள். வருடக்கணக்கில் பழகிய கைக்குட்டை அது. சரியான இடத்தில் தானாகவே வெளியே வந்துவிடும்.

போன மாதம் அந்தக் கதைக்கு முடிவு மாறிப்போயிற்று. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பழவேற்காட்டுக்காரன். மீனவக் குடும்பம். நான் வலை போட்டால் அன்றைக்கு மீன்களுக்கு விடுமுறை என்று எங்கள் நைனா சொல்வார். அவரே ஒருநாள் வெறுத்துப்போய், "படிச்சாவது தொலை" என்று படகிலிருந்து இறக்கிவிட்டார். உயரமாக இருந்ததால் பள்ளியில் கூடைப்பந்து அணியில் சேர்த்தார்கள். என் ஆட்ட வாழ்க்கையில் நான் போட்ட கூடைகளில் மறக்க முடியாதது, இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதை மறந்து எங்கள் கூடையிலேயே போட்டது. எதிரணி ஆட்கள் ஓடி வந்து கை கொடுத்தார்கள். ஆடத் தெரியாதவனை என்ன செய்வது? உடற்கல்வி ஆசிரியர் ஆனேன். அப்படியும் மிச்சம் இருந்த நேரத்துக்கு நடுவர் ஆனேன். பயிற்சி, தேர்வு எல்லாம் இருந்தன, தேறினேன், அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது ஜெயசீலி மேடத்தைப் பற்றி. பெண்கள் ஆட்டங்களில் பெரும்பாலும் அவர்தான் முதல் நடுவர், நான் இரண்டாவது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் அவர் எதிரில் வந்தால் என் தொப்பை தானாகவே உள்ளே போகும். அவருடைய கைப்பையில் ஒரு நகவெட்டி எப்போதும் இருக்கும். ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிப் பெண்களையும் வரிசையாக நிற்க வைத்துக் கைகளை நீட்டச் சொல்வார். நகம் நீளமாக இருந்தால் அங்கேயே வெட்டச் சொல்வார். வளையல், கம்மல், மூக்குத்தி எல்லாம் கழன்று கைக்குட்டை முடிச்சுக்குள் போக வேண்டும். பிறகு பந்தைத் தலைக்கு மேல் பிடித்துக் கீழே விட்டு, அது இடுப்புக்கு மேல் எழும்புகிறதா என்று பார்ப்பார். வளையத்தைப் பார்ப்பார். கடைசியில் என்னைப் பார்ப்பார். ஷூ கயிறு வரை பார்ப்பார்.

தீர்ப்பில் தகராறு வந்தால் "என்ன பார்த்தீங்க?" என்று ஒருநாளும் கேட்க மாட்டார். "எங்க நின்னீங்க மாஸ்டர்?" என்றுதான் கேட்பார். சரியான இடத்தில் நின்றவன் சரியாகப் பார்த்திருப்பான் என்பது அவர் கணக்கு. நான் பல சமயம் மூச்சு வாங்கிக்கொண்டு பாதி வழியில் நிற்பவன். அந்தக் கேள்வி வந்தால் ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிந்துகொள்வேன்.

இனி தேவகி. லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண். ஒருவகையில் எனக்கு மருமகள் முறை. கல்லூரி அணித் தலைவி. கடைசி வருடம். எங்கள் வட்டாரப் பெண்கள் கல்லூரிகளுக்கான போட்டியில் அவள் அணி இறுதிக்கு வந்திருந்தது. ஜெயித்தால் மாநிலப் போட்டி. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுப்பவர்கள் அங்கேதான் வந்து பார்ப்பார்கள். தோற்றால், திங்கட்கிழமை முதல் இறால் கம்பெனியில் தோல் உரிக்கப் போவதாக அவள் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். இந்த விஷயம் குப்பத்துக்கே தெரியும். என் வீட்டுக்கு மீன் கொண்டு வருகிற அவள் அம்மா நாகம்மா, அந்த வாரம் முழுக்க எனக்குப் பெரிய மீனாகப் பார்த்துக் கூடையில் போட்டாள்.

"இன்னா நாகம்மா, லஞ்சமா?"

"சீச்சீ. உனுக்கு லஞ்சம் குடுத்து இன்னாத்துக்கு? நீதான் ஓடவே மாட்டியே."

இறுதி ஆட்டத்துக்கு வேறொரு நடுவரைத்தான் போட்டிருந்தார்கள். அவருக்குக் காய்ச்சல். காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். நேராக ஜெயசீலி மேடத்திடம் போனேன். "மேடம், அந்தக் கேப்டன் எனக்கு சொந்தம். என்னை விட்டுடுங்க."

"அந்தக் குப்பத்துல உங்களுக்கு சொந்தமில்லாதது யாரு மாஸ்டர்?"

"லைட்ஹவுஸ் மட்டும்தான் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு அணிப் பயிற்சியாளர்களையும் கூப்பிட்டு, என் எதிரிலேயே சொந்தத்தைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். வேறு வழியில்லாமல் இருவரும் தலையாட்டினார்கள். நான் தேவகியைத் தனியாகப் பிடித்து, "மைதானத்துல மாமான்னு கூப்பிடாதே. சார்" என்றேன். "சரி மாமா" என்றாள்.

மைதானம் ஏரியோரத்தில் திறந்தவெளி சிமென்ட் தரை. ஒரு டெம்போ நிறையக் குப்பத்துப் பெண்கள் வந்து இறங்கினார்கள். கரையில் ஏலம் கூவிப் பழகிய குரல்கள். ஒலிபெருக்கிக்காரர் சிறிது நேரம் போட்டி போட்டுப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எதிரணி, வயல்காட்டு ஊர்ப் பெண்கள் அதிகம் படிக்கும் இன்னொரு கல்லூரி. அதன் தலைவி சுகுணா ஆரம்பாக்கத்துப் பக்கம். நெல் விளைகிற வீட்டுப் பெண். பேச்சு குறைவு, தோள் அகலம்.

கூடைப்பந்து தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு ஒருத்தியாக இரண்டு பேர் ஒரே பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றால் ஆட்டம் நிற்கும். பந்து யாருக்கு என்பதற்கு முறை வைத்திருக்கிறோம். ஒரு தடவை இவர்களுக்கு, அடுத்த தடவை அவர்களுக்கு. யார் முறை என்று காட்ட மேசைமேல் ஓர் அம்பு இருக்கும். ஒரு முறை முடிந்ததும் மேசையில் இருப்பவர் அம்பைத் திருப்பி வைப்பார்.

எங்கள் ஏரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏரியில் எந்த இடத்தில் என்றைக்கு யார் இறால் வலை கட்டலாம் என்கிற முறைக்கு எங்களிடம் பாடு என்று பெயர். இன்று இந்த இடத்தில் இவர்கள் பாடு, நாளை அவர்கள் பாடு. கண்ணெதிரே இறால் துள்ளினாலும் பாடு இல்லாதவர் வலையை நனைக்க மாட்டார். யார் பாடு எப்போது என்பதைக் குழந்தைகூட விரல்விட்டுச் சொல்லும். எனக்குத் தெரிந்து அதைத் தப்பாகச் சொன்ன ஒரே ஆள் நான்தான். படகிலிருந்து இறக்கிவிடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாங்கள் வைத்திருந்த அம்பு கடையில் வாங்கியது இல்லை. ஒட்டுப்பலகையில் அறுத்து, சிவப்பு அடித்து, ஒரு கட்டைமேல் ஆணியால் அடித்தது. ஆணி கொஞ்சம் தளர்வு. காலையில் மேடம் அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓகே" என்றார். காலையில் காற்று இல்லை.

ஆட்டம் கடைசி நிமிடத்துக்கு வந்தபோது தேவகி அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. மதியத்துக்குப் பிறகு கடல்காற்று வேறு எழும்பி, மேசைவிரிப்பு படபடத்துக்கொண்டிருந்தது. அப்போது இரண்டு பெண்கள் பந்தைக் கட்டிக்கொண்டு தரையில் உருண்டார்கள். விசில் அடித்தேன். மேசையைப் பார்த்தேன். அம்பு தேவகி அணிக்குக் காட்டியது. குப்பத்துப் பெண்கள் போட்ட சத்தத்தில் ஏரிக் கொக்கெல்லாம் எழும்பியிருக்கும்.

கோட்டுக்கு வெளியே நின்ற தேவகியிடம் பந்தைக் கொடுத்தேன். அவளுக்கு நேர் எதிரே, கைகளை விரித்துக்கொண்டு சுகுணா. பந்து கைக்கு வந்த ஐந்து விநாடிக்குள் உள்ளே எறிய வேண்டும். நான் கையை ஆட்டி எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. தேவகி எறியவில்லை. மேசையைப் பார்த்தாள். மூன்று. "எறிடீ!" என்று அவள் அணியே கத்தியது. நான்கு.

"மாமா, இது எங்க பாடு இல்ல" என்று பந்தை என்னிடம் நீட்டினாள்.

மைதானம் முழுக்க அந்த 'மாமா' கேட்டது. நான் விசில் அடித்தேன். அப்படி ஒரு விசில் என் வாழ்க்கையில் அடித்ததில்லை. பாதி காற்று, பாதி எச்சில்.

ஜெயசீலி மேடம் ஓடி வந்தார். "என்னம்மா?"

"போன தடவை கட்டிப் புடிச்சப்ப எங்களுக்குத்தான் குடுத்தீங்க மேடம். இப்ப அவங்களுது."

மேசைக்குப் போனோம். அம்புக்குப் பொறுப்பாக இருந்த மாணவி அழுகிற நிலையில் இருந்தாள். "நான் திருப்பித்தான் மேடம் வெச்சேன்! சத்தியமா!" அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு காற்று வந்தது. எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும் அம்பு மெதுவாகத் திரும்பியது. எதிரணியைத் தாண்டி, கம்பத்தைத் தாண்டி, கடைசியில் ஜெயசீலி மேடத்தின் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றது.

மேடம் அதை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்தார்.

எறிந்த பந்து உள்ளே ஓர் ஆட்டக்காரி மேல் பட்டுவிட்டால் இந்தத் தவறைத் திருத்த முடியாது. இன்னும் படவில்லை. ஆகவே பந்து சுகுணா அணிக்குப் போயிற்று.

தேவகியின் பயிற்சியாளர் துண்டைத் தரையில் அடித்தார். அணியில் ஒரு பெண், "உங்க வூட்டு சொத்தாடி தூக்கிக் குடுக்க? நாங்க நாலு பேரு இன்னா மண்ணா?" என்று அழுதுகொண்டே கேட்டாள். நியாயமான கேள்விதான். கோட்டுக்கு அப்பாலிருந்து நாகம்மாவின் குரல்: "அடிப்பாவி, திங்கக்கெழம இறால் உரிக்கப் போடீ! நல்லா உரி!"

தேவகி தோழியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "நான் இன்னாடி குடுத்தேன்? அவங்களுது அவங்ககிட்ட கீது. ஓடு, ஆளைப் புடி."

சுகுணா அணி பந்தை உள்ளே எறிந்தது. அவர்கள் முறை முடிந்தது. மேடம் தன் கையாலேயே அம்பைத் திருப்பி, ஒரு விரலை அதன் மேலேயே வைத்திருக்கும்படி மாணவியிடம் சொல்லிவிட்டு ஓடினார். இனி அவர்கள் பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருந்தால் போதும், நேரம் முடிந்துவிடும். பந்து சுகுணாவிடம் வந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். அந்தத் திரும்பலில் தேவகி இரண்டு கைகளையும் பந்தின் மேல் போட்டுப் பூட்டினாள்.

அந்த ஒருநாள் நான் சரியான இடத்தில் நின்றேன். பெருமைக்காகச் சொல்லவில்லை; ஓடிக் களைத்து அங்கேயே நின்றுவிட்டேன், ஆட்டம் என்னிடம் வந்தது. கை பந்தின் மேல்தான் இருந்தது. தோளைத் தள்ளவில்லை, கையை அடிக்கவில்லை. மாமன் என்ற பழிக்குப் பயந்தால் ஊதக்கூடாது. நடுவர் என்று பார்த்தால் ஊதாமல் இருக்கக்கூடாது. ஊதினேன்.

இந்தத் தீர்ப்புக்கு நாங்கள் காட்டும் சைகை, இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்துவது. உலகம் முழுக்க அதுதான். ஆனால் பார்த்தவர்களுக்கு மாமன் தன் மருமகளுக்கு இரட்டைக் கையால் 'சூப்பர்' காட்டுவது போலத்தான் இருந்திருக்கும். ஒரு பக்கம் "பேமானி!" என்று ஒரு குரல். இன்னொரு பக்கம் டெம்போப் பெண்கள் எல்லோரும் எனக்குக் கட்டைவிரல் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்பு தேவகி அணிக்கு. இந்த முறை தோழி எறிந்தாள், தேவகி வாங்கினாள், கூடைக்குக் கீழே ஒரு திரும்பு. பந்து வளையத்தில் ஒரு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது. மணி அடித்தது. ஒரு புள்ளியில் வெற்றி.

இங்கே முடிந்திருந்தால் இது வெறும் ஆட்டக் கதை. எதிரணிப் பயிற்சியாளர் ஆட்சேபம் என்றார். எங்களை உடற்கல்வி அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். பழைய பந்துகளும் கிழிந்த வலைகளும் குவிந்திருந்த அறை. அவர் வாதம் இதுதான்: தேவகி பந்தை ஐந்து விநாடிக்கு மேல் வைத்திருந்தாள். ஐந்து ஆகிவிட்டால் அது அவள் அணியின் தவறு. பந்து எதிரணிக்குப் போகும். அதோடு அடுத்த முறையும் எதிரணிக்கே போய்விடும். ஆக, அந்தக் கடைசிப் பந்து தேவகி அணிக்கு வந்திருக்கவே கூடாது. ஐந்தை நாலாக்கியது அவள் மாமன்.

சட்டம் அவர் சொன்னதுதான். மீதி என் வாய்ச்சொல்.

ஜெயசீலி மேடம் என் பக்கம் திரும்பினார். "எங்க நின்னீங்க மாஸ்டர்?"

"பக்கத்துலயே மேடம். கை எட்டற தூரம்."

"எத்தனை எண்ணினீங்க?"

"நாலு."

"மாமா நாலுன்னுதானே சொல்வாரு?" என்றார் பயிற்சியாளர்.

எனக்குக் கோபமே வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன், இன்னும் மோசமான வார்த்தையில். தேவகி சுவரோடு நின்று கிழிந்த வலை ஒன்றின் கண்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

ஆட்சேபம் செல்ல வேண்டுமானால் தோற்ற அணியின் தலைவி கையெழுத்துப் போட வேண்டும். பயிற்சியாளர் பேனாவைச் சுகுணாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நான் நேர் எதிர்ல நின்னேன் சார். நானும் எண்ணிக்கினுதான் இருந்தேன். நாலுதான்."

"உனக்கு இதெல்லாம் தெரியாது. கையெழுத்துப் போடு."

"தோத்துட்டோம் சார்" என்றாள் சுகுணா. "நான் பந்தைக் கொஞ்சம் தள்ளிப் புடிச்சிருக்கணும். அதுக்கு மேல ஒண்ணுமில்ல. பஸ்ஸு போயிடும், வாங்க."

மேடம் கைப்பையை மூடினார். அவர் ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். "அடுத்த தடவை அம்பு கடையில வாங்குங்க" என்று போட்டி நடத்தியவர்களிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தேவகி மாநிலப் போட்டிக்குப் போனாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. பிறகு நடுவர் தேர்வும் எழுதினாள். எனக்கு மட்டும் குப்பத்தில் கொஞ்ச காலம் பேஜார். முதல் பந்தைத் திருப்பி வாங்கினேன் என்று பாதிப் பேர் திட்டினார்கள். கடைசிப் பந்தை வாங்கிக் கொடுத்தேன் என்று மீதிப் பேர் கொண்டாடினார்கள். இரண்டுமே நான் செய்யாத வேலை. நாகம்மா மீன் அளவைப் பழையபடி சின்னதாக்கிவிட்டாள்.

போன மாத முகாமில் இந்தக் கதையை வழக்கம்போலச் சொன்னேன். 'தன் வாழ்க்கையையே பணயம் வைத்து, வெற்றியை எதிரணிக்கு விட்டுக்கொடுத்த தியாகம்' என்ற இடத்தில் கைக்குட்டை தானாக வெளியே வந்தது. முன்வரிசை மூக்கை உறிஞ்சியது. பின்வரிசையில் ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து இன்னும் உருக்கமாகச் சொன்னேன். முடிந்ததும் பார்த்தால் அது தேவகி. வகுப்பெடுக்க வந்தவள், எனக்குத் தெரியாமல் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னா மாமா இவ்ளோ கப்சா வுடுற? தியாகமா அது?"

"பின்னே இன்னா?"

"நாலு எண்ற வரிக்கும் நான் எதுக்கு சும்மா நின்னேன்னு நெனச்ச? கணக்குப் போட்டேன். அது எங்க பாடு இல்ல. அப்பிடின்னா அடுத்தது எங்க பாடு. அஞ்சு ஆச்சுன்னா ரெண்டும் பூடும். அதான் நாலுல நீட்டினேன். அப்பால சுகுணாவை நேராப் போயிப் பூட்டினேன்."

இத்தனை வருடம், இத்தனை முகாம், இத்தனை கண்ணீர். அந்தச் சட்டத்தை எல்லோருக்கும் விளக்கியவன் நான். அவள் அதை வைத்து ஆடியது எனக்கு மட்டும் தெரியவில்லை. கைக்குட்டையை மடித்து உள்ளே வைக்கப் போனேன்.

"ஏம்மா, அடுத்தது வரும்னு உனக்கு இன்னா நிச்சயம்? கட்டிப் புடிக்கற மாதிரி சந்தர்ப்பமே வராம போயிருந்தா?"

"வராம போயிருந்தா தோத்துட்டு திங்கக்கெழம இறால் உரிக்கப் போயிருப்பேன்" என்றாள் தேவகி, என்னவோ நான் கேட்கக்கூடாத சின்ன விஷயத்தைக் கேட்டுவிட்டது போல. "அதுக்காவ? அவங்க பாடுல நம்ம வலைய எறக்க முடியுமா மாமா?"

கைக்குட்டையை மறுபடி வெளியே எடுத்தேன். இந்தத் தடவை அது தானாக வரவில்லை. ஜலதோஷம் என்று சொன்னேன். அவள் என் முகத்துக்கு நேராக இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்திக் காட்டிவிட்டு, வகுப்பெடுக்கப் போனாள்.